"இப்போது" என்றால் என்ன? வானிலை அறிவியல் 200 வருஷமாகக் கேட்கும் கேள்வி

நாளைக்கு மழை வருமா என்று எல்லோரும் கேட்கிறோம். இந்த நிமிடம் நம் தலைக்கு மேலே 10 கிலோமீட்டர் உயரத்தில் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் முதல் கேள்வியைத் தொடவே முடியாது. அதுவும் ஒரு ஊருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. கடலுக்கு மேல், பாலைவனத்துக்கு மேல், துருவப் பனிக்கு மேல், தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரம் வரை, எல்லாம் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். நவீன வானிலை அறிவியலைக் கணினிகள் வளர்ந்த கதையாகச் சொல்வது வழக்கம், அதிலும் உண்மை இருக்கிறது. எனக்கு அது "இப்போது வளிமண்டலம் எப்படி இருக்கிறது" என்று கண்டுபிடிக்க மனிதர்கள் பட்ட பாட்டின் கதையாகத்தான் தெரிகிறது. கணக்குப் போடுவது அதற்கு அப்புறம்தான்.

கருவிகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1640களில் இத்தாலியின் டோரிசெல்லி பாதரசக் குழாயை வைத்துக் காற்றுக்கு எடை உண்டு என்று காட்டினார், நாம் ஒரு காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம் என்று 1644இல் ஒரு கடிதத்தில் எழுதினார். 1648இல் பாஸ்கல் கேட்டுக்கொண்டதால் அவருடைய அக்கா கணவர் பெரியே அதே மாதிரிக் குழாயைத் தூக்கிக்கொண்டு பிரான்ஸின் புய் த தோம் மலைமேல் ஏறினார், ஏற ஏற பாதரசம் இறங்கியது. பிறகு ஃபாரன்ஹீட், செல்சியஸ் பெயர்களில் வெப்பமானி அளவுகள் வந்தன. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எத்தனையோ பாதிரியார்களும் மருத்துவர்களும் தினமும் அழுத்தமும் வெப்பமும் குறித்து வைத்தார்கள். சிக்கல் என்னவென்றால், ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு நேரம். அந்த நோட்டுப் புத்தகங்களை எல்லாம் ஒன்றாக அடுக்கினாலும் ஒரு படம் கிடைக்காது.

இதை முதலில் ஒழுங்காகப் புரிந்துகொண்டவர்கள் ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தில் 1780இல் தொடங்கப்பட்ட ஒரு வானிலைச் சங்கத்தார். பல நாடுகளில் இருந்த நிலையங்களுக்கு ஒரே மாதிரி கருவிகளை அனுப்பி, காலை 7, பிற்பகல் 2, இரவு 9 என்று நேரத்தையும் வரையறுத்தார்கள். 15 வருஷம்கூடச் சரியாக நீடிக்காத முயற்சிதான். ஆனால் அந்தக் குறிப்புகளை எடுத்து ஹைன்ரிஷ் பிராண்டஸ் என்ற அறிஞர் 1820 வாக்கில் ஒரு வேலை செய்தார்: 1783ஆம் வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஐரோப்பாவின் வானிலையை வரைபடத்தில் போட்டுப் பார்த்தார். தாழ்வழுத்தப் பகுதி ஒன்று நாளுக்கு நாள் நகர்ந்து போவது அதில் தெரிந்தது. புயல் ஒரு ஊரில் பிறந்து அங்கேயே சாகிற விஷயமில்லை, அது பயணம் செய்கிறது. இந்த அடிப்படை உண்மையைக் கண்ணால் பார்க்க 37 வருஷம் பழைய தகவல்தான் கிடைத்தது. 1783இன் "இப்போது" 1820இல் வந்து சேர்ந்தது!

அந்த 37 வருஷத்தைச் சில மணி நேரமாகச் சுருக்கியது தந்தி. இதை நான் கணினிக்கு நிகரான திருப்பம் என்பேன். அதற்கு முன்பு புயலைவிட வேகமாக ஒரு செய்தியை அனுப்ப வழி அரிது, குதிரையும் கப்பலும் காற்றோடு போட்டி போட முடியாதல்லவா. அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஜோசப் ஹென்றி 1849 முதல் தந்தி அலுவலர்களிடம் காலை வானிலையைக் கேட்டு வாங்கத் தொடங்கினார். பிறகு அந்தத் தகவல் ஒரு பெரிய வரைபடத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஐரோப்பாவில் இதே எண்ணம் வர ஒரு பேரழிவு தேவைப்பட்டது. 1854 நவம்பர் 14 அன்று, கிரிமியப் போரின் நடுவில், கருங்கடலின் பலக்லாவா பக்கம் ஒரு புயல் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்களை உடைத்துப் போட்டது. படைவீரர்களுக்கான குளிர்கால உடைகளை ஏற்றி வந்த கப்பலும் மூழ்கியது. காரணம் விசாரிக்கும் பொறுப்பு, நெப்டியூன் கோள் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டே சொன்ன வானியலாளர் ல வெரியேவிடம் வந்தது. அவர் பல நாடுகளுக்கும் கடிதம் எழுதி, நவம்பர் 12 முதல் 16 வரை உங்கள் ஊரில் வானிலை எப்படி இருந்தது என்று கேட்டார். 250க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. அடுக்கிப் பார்த்தால், அந்தப் புயல் ஐரோப்பாவைக் குறுக்கே கடந்து கருங்கடலுக்கு வந்திருக்கிறது. வழியில் இருந்த ஊர்களுக்கு அது வந்தது தெரியும், அடுத்த ஊருக்குச் சொல்லத்தான் ஏற்பாடு இல்லை.

இங்கிலாந்தில் அந்த ஏற்பாட்டைச் செய்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினை ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றிய பீகிள் கப்பலின் தலைவர் என்றுதான் அவரைப் பலருக்குத் தெரியும். 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸின் ஆங்கிள்ஸி கரையில் புயலில் சிக்கி உடைந்து 400 பேருக்கும் மேல் இறந்தார்கள், கரைக்கு அவ்வளவு பக்கத்தில். அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. தந்தி வழியாகத் தகவல் வாங்கி, 1861 பிப்ரவரியில் துறைமுகங்களில் கூம்பும் உருளையும் ஏற்றிப் புயல் எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கினார், அதே வருஷம் ஆகஸ்ட் 1 அன்று லண்டன் நாளிதழ் ஒன்றில் பொதுமக்களுக்கான முன்னறிவிப்பும் வந்தது. ஜோசியம், ஆரூடம் என்ற வாடை வரக் கூடாது என்று தேடித் தேடி 'ஃபோர்காஸ்ட்' என்ற சொல்லை அவர்தான் இந்தப் பொருளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அறிவிப்பு தவறியபோதெல்லாம் பத்திரிகைகளும் அறிவியலாளர்களும் அவரை விட்டு வைக்கவில்லை. 1865இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த வருஷம் ஒரு விசாரணைக் குழு அவருடைய முறையில் அறிவியல் அடிப்படை போதாது என்று சொல்ல, எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. கடலோடிகள் வேண்டும் என்று கேட்டதால் புயல் எச்சரிக்கை சீக்கிரமே திரும்ப வந்தது, பத்திரிகை முன்னறிவிப்பு வர 1879 வரை ஆனது.

ஃபிட்ஸ்ராய் விஷயத்தில் எனக்கு எப்போதும் ஒரு ஆதங்கம் உண்டு. பிரிட்டனுக்கு வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது, மேற்கே இருப்பதோ அட்லாண்டிக் கடல். அங்கே அவருக்கு ஒரு நிலையமும் கிடையாது. அவரிடம் இருந்தது தீவின் கரையோரத் தகவலும், கண்டத்திலிருந்து வந்த சில தந்திகளும். மேலே என்ன நடக்கிறது என்று யாருக்குமே தெரியாத காலம். பாதிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுக் கதை சொல்லச் சொன்னால் எந்த மேதையும் தடுமாறத்தான் செய்வார். அவருடைய முறை போதவில்லை என்று சொன்னவர்கள் சொன்னது சரிதான், ஆனால் அதற்காக எச்சரிக்கையையே நிறுத்தியது பெரிய தவறு.

சரி, மேலே என்ன நடக்கிறது? 1862 செப்டம்பரில் கிளெய்ஷர், காக்ஸ்வெல் என்ற இரண்டு பேர் பலூனில் எவரெஸ்ட் உயரத்துக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள். கிளெய்ஷர் மயங்கிவிட்டார், காக்ஸ்வெல்லுக்குக் குளிரில் கை வேலை செய்யாததால் வால்வுக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துத்தான் கீழே இறங்கினார்கள். இனி ஆளில்லாமல்தான் மேலே போக வேண்டும் என்பது தெளிவானது. பிரான்ஸில் தெஸ்ரான் த போர் தன் சொந்தச் செலவில் பாரிஸுக்குப் பக்கத்தில் ட்ராப் என்ற ஊரில் ஆய்வகம் கட்டி, தானே பதிவு செய்யும் கருவிகளைப் பலூனில் கட்டி அனுப்பினார். மேலே போகப் போகக் குளிர் கூடிக்கொண்டே போகும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அவருடைய கருவிகளோ சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் வெப்பநிலை குறையாமல் நின்றுவிடுகிறது என்று காட்டின. வெயில் பட்டுக் கருவி சூடாகியிருக்குமோ என்று இரவிலும் பலூன் விட்டார். 200க்கும் மேல் விட்டுப் பார்த்து, திருப்தியான பிறகுதான் 1902இல் அறிவித்தார். அப்படித்தான் நமக்கு ட்ரோபோஸ்பியர், ஸ்ட்ராடோஸ்பியர் என்ற இரண்டு அடுக்குகள் கிடைத்தன. தன் கருவியைத் தானே இத்தனை தடவை சந்தேகப்பட்ட அந்தப் பொறுமை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் அந்தப் பலூன்களில் ஒரு குறை இருந்தது. கருவி எங்கோ விழும், யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் உள்ளே என்ன பதிவானது என்று தெரியும். அறிவியலுக்கு அது போதும், நாளைய முன்னறிவிப்புக்குப் போதாது. 1929இல் பிரான்ஸின் ராபர்ட் பியூரோவும் 1930இல் சோவியத் ஒன்றியத்தின் பாவெல் மொல்சானோவும் பலூனிலிருந்து வானொலி வழியே அளவுகளை உடனுக்குடன் அனுப்பும் கருவியைப் பறக்கவிட்டார்கள். ரேடியோசோண்ட் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறோம். வளிமண்டலத்தின் உயரம் "இப்போது" என்ற படத்துக்குள் வந்தது அன்றைக்குத்தான். இதற்கு முன்பே ஜப்பானின் தாதெனோ ஆய்வகத்தில் ஊயிஷி வசபுரோ பலூன்களைத் தொலைநோக்கியால் தொடர்ந்து பார்த்து, குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மிகக் கடுமையான மேல்காற்று ஓடுவதைக் கண்டுபிடித்திருந்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926இல் அதை எஸ்பெராண்டோ என்ற செயற்கைப் பொது மொழியில் வெளியிட்டார், பெரும்பாலும் யாரும் படிக்கவில்லை. ஜெட் ஸ்ட்ரீம் என்று இன்று சொல்லும் அந்தக் காற்றை இரண்டாம் உலகப் போரில் உயரத்தில் பறந்த விமானிகள் தங்கள் உடம்பால் மறுபடி கண்டுபிடித்தார்கள்.

கணக்கின் பக்கம் வருவோம். 1904இல் நார்வேயின் வில்ஹெல்ம் பியர்க்னெஸ் ஒரு கட்டுரையில் முன்னறிவிப்புக்கு இரண்டே நிபந்தனைகள்தான் என்றார்: ஒரு நேரத்தில் வளிமண்டலத்தின் நிலை போதுமான துல்லியத்தோடு தெரிய வேண்டும், அந்த நிலை அடுத்த நிலையாக மாறும் விதி தெரிய வேண்டும். விதிகள் அப்போதே தெரியும். நியூட்டனின் இயக்க விதி, பொருள் அழியாமை, வெப்ப இயக்கவியல், வாயுக்களின் சமன்பாடு. அழுத்தம், வெப்பநிலை, அடர்த்தி, ஈரப்பதம், காற்றின் மூன்று திசைக் கூறுகள் என்று ஏழு அளவுகளுக்கு அந்தச் சமன்பாடுகளைத் தீர்த்தால் நாளை கிடைத்துவிடும். இன்றுவரை நடப்பது அதுதான். முதல் நிபந்தனையை அவர் முதலில் எழுதியதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

அந்த முதல் நிபந்தனை அவருக்கே ஒரு கண்டுபிடிப்பைக் கொடுத்தது. முதல் உலகப் போர் நடந்த சமயத்தில் பிரிட்டன் தன் வானிலைத் தகவலை ரகசியமாக்கியது, நார்வேக்கு மேற்கிலிருந்து எதுவும் தெரியாமல் போனது. உணவு இறக்குமதியும் தட்டுப்பாடு, விவசாயிகளுக்கு நல்ல முன்னறிவிப்பு கட்டாயம் தேவை. பெர்கன் நகரில் இருந்த பியர்க்னெஸ், வெளியிலிருந்து வராத தகவலை உள்ளூரிலேயே ஈடுகட்ட முடிவு செய்தார். 1918 கோடையில் மேற்குக் கரை முழுக்கக் கலங்கரை விளக்கக்காரர்களையும் மீனவர்களையும் சேர்த்து நெருக்கமான நிலைய வலையை அமைத்தார். வலை நெருக்கமானதும் இதுவரை யாருக்கும் தெரியாத ஒன்று வரைபடத்தில் தெரிந்தது. காற்றும் வெப்பமும் படிப்படியாக மாறாமல் ஒரு கோட்டில் சட்டென்று மாறுகின்றன, மழையும் அந்தக் கோட்டை ஒட்டியே பெய்கிறது. அவர் மகன் யாக்கோப் அதை 1919இல் எழுதியபோது அவருக்கு 21 வயது. போர்முனைகளைப் பார்த்துப் பழகிய அந்தத் தலைமுறை அந்தக் கோடுகளுக்கு 'முனை' என்ற பொருளிலேயே ஃப்ரண்ட் என்று பெயர் வைத்தது. நிலையங்கள் 100 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தால் தெரியாத கோடு, 20 கிலோமீட்டரில் தெரிந்துவிடுகிறது.

அதே போரின் மறுபக்கத்தில் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் இருந்தார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், ஆயுதம் எடுக்க மாட்டேன் என்றவர், பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். வேலை இல்லாத நேரத்தில் பியர்க்னெஸ் சொன்ன கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தார். 1910 மே 20ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தார், ஏனென்றால் அன்று ஐரோப்பாவில் பல இடங்களில் ஒரே சமயத்தில் பலூன் விடப்பட்டிருந்தது, மேலடுக்குத் தகவல் கிடைக்கிற அபூர்வமான நாள். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஜெர்மனியின் ஒரு இடத்துக்கு 6 மணி நேர முன்னறிவிப்பைக் கணக்கிட வாரக்கணக்கில் ஆனது. 1917இல் ஷாம்பெய்ன் சண்டையில் கையெழுத்துப் பிரதி பின்னணிக்கு அனுப்பப்பட்டுத் தொலைந்து, பல மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது.

விடை என்ன தெரியுமா? 6 மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று வந்தது. பூமியில் சாதாரண அழுத்தமே ஆயிரம் சொச்சம் மில்லிபார்தான், எந்தப் புயலிலும் இப்படி ஒரு தாவல் நடக்காது. அன்று உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அவர் அதை மறைக்கவில்லை. 1922இல் வெளியான தன் புத்தகத்தில் முழுக் கணக்கையும், தவறிய விடையையும், தவறு ஆரம்பக் காற்றின் அளவுகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற தன் கருத்தையும் அச்சில் வைத்தார். பல பத்தாண்டுகள் கழித்துப் பீட்டர் லிஞ்ச் என்ற அயர்லாந்து ஆய்வாளர் அதே கணக்கைக் கணினியில் திரும்பப் போட்டுக் காட்டினார். ரிச்சர்ட்சனின் முறையில் பெரிய கோளாறு இல்லை. ஆரம்ப அழுத்தமும் ஆரம்பக் காற்றும் ஒன்றுக்கொன்று மிகச் சிறிய அளவில் பொருந்தாமல் இருந்தன, அந்தச் சிறு பொருத்தமின்மை குளத்தில் கல் போட்டது மாதிரி வேகமான அலைகளைக் கிளப்பி விடையை மூழ்கடித்துவிட்டது. ஆரம்பத் தகவலைக் கொஞ்சம் சீராக்கிவிட்டு அதே கணக்கைப் போட்டால் நியாயமான விடை வருகிறது. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: வரலாற்றின் முதல் எண்வழி முன்னறிவிப்பு தவறியது நாளையைக் கணக்கிட்டதில் இல்லை, இன்றை எழுதியதில். உலகம் முழுவதற்கும் கணக்குப் போட 64,000 பேர் ஒரு பெரிய அரங்கத்தில் உட்கார வேண்டும் என்று அவர் கற்பனை செய்ததைத்தான் பலரும் எடுத்துச் சொல்வார்கள், அந்த 145ஐப் பற்றிப் பேசுவது குறைவு. போருக்குப் பிறகு, புத்தகம் வெளிவரும் முன்பே, வானிலைத் துறை விமானப் படைக்கான அமைச்சகத்தின் கீழ் போனபோது, மனசாட்சி இடம் தராமல் வேலையை விட்டார்.

1944இல் தகவலின் மதிப்பு எல்லோருக்கும் கண்ணெதிரே தெரிந்தது. பிரான்ஸின் நார்மண்டி கரையில் நேச நாடுகளின் படையிறக்கத்துக்கு ஜூன் 5 என்று குறித்திருந்தார்கள். அயர்லாந்தின் மேற்குக் கோடியில் பிளாக்சாட் என்ற இடத்தில் அஞ்சலகத்தில் வேலை பார்த்த மௌரீன் ஃப்ளேவின் என்ற இளம்பெண் எடுத்த அழுத்த அளவுகள், மேற்கிலிருந்து புயல் வருவதைக் காட்டின. ஸ்டாக் தலைமையிலான நேச நாடுகளின் வானிலைக் குழு தேதியைத் தள்ளச் சொன்னது, ஜூன் 6க்கு ஒரு சிறு இடைவெளி கிடைக்கும் என்றும் சொன்னது. ஜெர்மானியர்களிடமும் திறமையான வானிலையாளர்கள் இருந்தார்கள், அட்லாண்டிக்கிலிருந்து வரும் தகவல்தான் அவர்களுக்குப் போதவில்லை. அதற்காக 1943இல் ஒரு நீர்மூழ்கியில் போய்க் கனடாவின் லாப்ரடார் கரையில் தானியங்கி வானிலை நிலையம் ஒன்றை ரகசியமாக வைத்துவிட்டு வந்தார்கள் என்றால் எவ்வளவு தவித்திருப்பார்கள் என்று பாருங்கள்.

போர் முடிந்ததும் கணினி வந்தது. 1950 வசந்தத்தில் சார்னி, ஃபியர்டாஃப்ட், ஃபான் நாய்மன் குழு, எனியாக் என்ற இயந்திரத்தில் வட அமெரிக்காவுக்கான முதல் கணினி முன்னறிவிப்பைப் போட்டது. 24 மணி நேரத்துக்கான கணக்கை முடிக்க 24 மணி நேரம் பிடித்தது. சார்னியின் சாமர்த்தியம் எதில் என்றால், ரிச்சர்ட்சனைக் கவிழ்த்த அந்த வேகமான அலைகளுக்கு இடமே கொடுக்காத எளிய சமன்பாட்டைத் தேர்ந்தெடுத்ததில்தான். விடைகளை ரிச்சர்ட்சனுக்கு அனுப்பி வைத்தார்கள். அவர் வாழ்த்தி எழுதினார், மூன்று வருஷத்தில் இறந்தும் போனார். அதையாவது பார்த்துவிட்டுப் போனாரே என்று எனக்கு ஒரு நிம்மதி. 1950களின் நடுவில் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் கணினி முன்னறிவிப்பு அன்றாட வேலையானது.

எட்வர்ட் லாரன்ஸின் பட்டாம்பூச்சிக் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் வேகமாகச் சொல்கிறேன். 1961இல் எம்.ஐ.டி.யில் தன் சிறு கணினி மாதிரியை (வளிமண்டலத்தைச் சமன்பாடுகளால் போலச் செய்யும் நிரல்) நடுவிலிருந்து மறுபடி ஓட்ட, 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று உள்ளிட்டார். முதலில் இரண்டு ஓட்டமும் ஒத்துப்போய், பிறகு முற்றிலும் வேறு வேறு வானிலையாகப் பிரிந்தன. இதிலிருந்து "பட்டாம்பூச்சி சிறகடித்தால் புயல் வரும்" என்று மட்டும் எடுத்துக்கொள்வது விஷயத்தைப் பாதியாக்குகிறது. இன்றைய படத்தில் இருக்கும் பிழை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வளர்ந்துகொண்டே போகும், அதனால் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு மேல் நாள்வாரியான முன்னறிவிப்பு சாத்தியப்படாது என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். இதை ஏற்றுக்கொண்டதால் வந்ததுதான் 1992இல் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் முன்னறிவிப்பு மையத்திலும் அமெரிக்காவிலும் தொடங்கிய குழு முன்னறிவிப்பு. இன்றைய நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல தடவை ஓட்டி, எத்தனை ஓட்டங்களில் மழை வருகிறது என்று பார்ப்பது. கைபேசியில் "மழைக்கு 60 சதவீத வாய்ப்பு" என்று வருவதன் வேர் பெரும்பாலும் இங்கே இருக்கிறது.

1960 ஏப்ரல் 1 அன்று டைரோஸ்-1 என்ற முதல் வானிலைச் செயற்கைக்கோள் மேலே போனது. 78 நாள்தான் வேலை செய்தது, ஆனால் ஆளே இல்லாத கடல்களின் மேல் மேகம் சுருண்டு கிடப்பதை அப்போதுதான் மனிதன் பார்த்தான். அடுத்த வருஷம் அமெரிக்க அதிபர் கென்னடி ஐ.நா. சபையில் வானிலையில் எல்லா நாடுகளும் ஒத்துழைக்க வேண்டும் என்று பேசினார், 1963இல் உலக வானிலை அமைப்பு உலகளாவிய கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. வாஷிங்டன், மாஸ்கோ, மெல்போர்ன் மூன்றும் அதன் உலக மையங்கள். ஏவுகணைகளை ஒருவர் மேல் ஒருவர் குறிவைத்திருந்த காலத்தில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் தினமும் வானிலைத் தகவலைப் பரிமாறிக்கொண்டன. மனித குலம் சேர்ந்து செய்த நல்ல காரியங்களில் இதற்குத் தகுந்த பெயர் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

செயற்கைக்கோள் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் அது தவறு. செயற்கைக்கோள் வெப்பநிலையை அளப்பதில்லை. காற்றிலிருந்து மேலே வரும் கதிர்வீச்சை அளக்கிறது, அதில் பல அடுக்குகளின் வெப்பமும் ஈரமும் ஒன்றாகக் கலந்திருக்கும். முதலில் அதைப் பிரித்து, பலூன் கொடுப்பது மாதிரி உயரவாரி வெப்பநிலைப் பட்டியலாக மாற்றி மாதிரிகளுக்குக் கொடுத்தார்கள். பல வருஷம் அதனால் வட அரைக்கோளத்தில் பெரிய பலன் இல்லை, சில சமயம் முன்னறிவிப்பு மோசமும் ஆனது. 1990களில் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினார்கள். மாதிரியில் இருக்கும் வளிமண்டலம் உண்மை என்றால், இந்த நிமிடம் செயற்கைக்கோளுக்கு என்ன கதிர்வீச்சு தெரிய வேண்டும்? அதைக் கணக்கிட்டு, உண்மையில் தெரிந்ததோடு ஒப்பிட்டு, வித்தியாசம் குறையும்படி மாதிரியின் வளிமண்டலத்தைத் திருத்துவது. இப்படிச் செய்ததும் அதே செயற்கைக்கோள்கள் பொன்னாக மாறின.

துறையில் இதை டேட்டா அசிமிலேஷன் என்பார்கள், தகவலைச் செரிப்பது என்று நான் புரிந்துகொள்கிறேன். மாதிரியில் கோடிக்கணக்கான கட்டங்கள், ஒவ்வொன்றிலும் பல அளவுகள். அத்தனையையும் நேரடியாக அளக்க உலகத்தில் கருவி கிடையாது. அதனால் சில மணி நேரத்துக்கு முன்பு போட்ட முன்னறிவிப்பையே இன்றைய நிலையின் முதல் வரைவாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு பலூன், விமானம், கப்பல், மிதவை, செயற்கைக்கோள், வளிமண்டலத்தில் வளைந்து வரும் ஜி.பி.எஸ். சமிக்ஞை என்று கிடைக்கிற எல்லாவற்றையும் வைத்து அந்த வரைவைத் திருத்துவார்கள், எதை எவ்வளவு நம்பலாம் என்று எடை போட்டு. ஆக, இன்றைய வானிலைப் படம் என்பதே முன்பு சொன்ன கணிப்பில் இன்றைய அளவுகளால் போட்ட திருத்தம். முதல் தடவை இது புரிந்தபோது எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது.

இது பலன் தந்ததா என்று பார்க்கத் தென் அரைக்கோளத்தைப் பார்த்தால் போதும். அங்கே பெரும்பகுதி கடல், பலூன் நிலையங்கள் குறைவு. ஒரே இயற்பியல், ஒரே கணினி, ஆனால் முன்னறிவிப்பின் தரம் 1980களில் வடக்கைவிட மிகவும் பின்தங்கி இருந்தது. 2000ஐ ஒட்டி அந்த இடைவெளி ஏறக்குறைய மூடிவிட்டது, செயற்கைக்கோள் தகவலைச் செரிக்கக் கற்றுக்கொண்டதுதான் முக்கியக் காரணம். மொத்தமாகப் பார்த்தால் பத்து வருஷத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் முன்னறிவிப்பு நீண்டிருக்கிறது.

தவறவிட்ட கதைகளையும் சொல்ல வேண்டும். 1982இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்து, அதன் துகள் மேலே பரவி, செயற்கைக்கோள் அளந்த கடல் வெப்பநிலையைக் குழப்பிவிட்டது. அந்தச் சமயத்தில் பசிபிக்கில் நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் (கடல்நீர் வழக்கத்துக்கு மேல் சூடாகும் நிகழ்வு) ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது, பலருக்கும் அது தாமதமாகத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் பசிபிக்கின் நடுக்கோட்டுப் பகுதியில் சுமார் 70 மிதவைகளை நிறுத்தினார்கள், 1994இல் அந்த வரிசை முழுமையானது. ஓசோன் ஓட்டையும் இப்படித்தான். அண்டார்டிகாவின் ஹேலி நிலையத்தில் 1950களின் பிற்பகுதி முதல் ஓசோனை அளந்து வந்த பிரிட்டிஷ் குழுதான் 1985இல் அது சரிவதை உலகத்துக்குச் சொன்னது. செயற்கைக்கோளும் அந்தக் குறைந்த அளவுகளைப் பார்த்திருந்தது, ஆனால் நம்ப முடியாத அளவு என்று அவை சந்தேகப் பட்டியலில் ஒதுக்கப்பட்டிருந்தன. ஹவாயின் மௌனா லோவா மலையில் கீலிங் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1958இல் தொடங்கிய கார்பன் டை ஆக்சைடு அளவீடும் இதே ரகம். 315க்குக் கொஞ்சம் குறைவாகத் தொடங்கி, இன்று பத்து லட்சத்தில் 420 பங்கைத் தாண்டிவிட்டது. வருஷா வருஷம் ஒரே இடத்தில் ஒரே மாதிரி அளக்கும் வேலைக்குப் பணம் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அந்தத் துறையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வந்துவிட்டன. 2023இல் வெளியான கிராஃப்காஸ்ட், பங்கு-வெதர் போன்றவை, பெரிய கணினிகள் நீண்ட நேரம் போடும் பத்து நாள் முன்னறிவிப்பைச் சில நொடிகளில், நிமிடங்களில் போடுகின்றன, பல அளவுகளில் பழைய முறையை முந்தவும் செய்கின்றன. ஐரோப்பிய மையமே 2025இல் தன் சொந்த நுண்ணறிவு மாதிரியை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. இனி பழைய கருவிகள் எதற்கு என்று சிலர் கேட்பதைப் பார்க்கிறேன். இந்த மாதிரிகள் கற்றது எதிலிருந்து? பழைய அளவீடுகளை எல்லாம் இயற்பியல் மாதிரியில் செரித்து உருவாக்கிய, பல பத்தாண்டுகளின் வானிலைத் தொகுப்பிலிருந்து. ஒவ்வொரு நாளும் தொடங்குவது எதிலிருந்து? அதே செரிப்பு வேலை தரும் இன்றைய படத்திலிருந்து. பியர்க்னெஸின் இரண்டாவது நிபந்தனைக்குப் புது வழி கிடைத்திருக்கிறது, முதல் நிபந்தனை அப்படியே இருக்கிறது. நேரடி அளவுகளிலிருந்தே தொடங்கும் மாதிரிகளையும் முயன்று வருகிறார்கள், அவற்றுக்கும் அளவுகள் வேண்டும்.

அந்த அளவுகளில் ஓட்டை விழுவதுதான் எனக்குக் கவலை. 2020இல் பெருந்தொற்றில் விமானங்கள் நின்றபோது விமானங்களிலிருந்து வரும் வெப்பநிலை, காற்று அளவுகளும் பெருமளவு நின்றுபோயின. 2025 தொடக்கத்தில் ஆள் பற்றாக்குறையால் அமெரிக்க வானிலைத் துறை சில நிலையங்களில் பலூன் விடுவதையே நிறுத்தியது, அலாஸ்காவின் மேற்குக் கரையில் இருக்கும் கோட்ஸபூ அவற்றில் ஒன்று. மற்ற நூற்றுக்கணக்கான நிலையங்களில், உலகம் முழுக்க, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவுக்கும் நண்பகலுக்கும் பொருந்தும்படி ஒரே சமயத்தில் ஆட்கள் பலூனில் வாயு நிரப்பி, அடியில் கருவியைக் கட்டி, கையை விடுகிறார்கள். மேற்கிலிருந்து அமெரிக்காவுக்குள் வரும் காற்று கோட்ஸபூவைத் தாண்டும்போது அங்கே அதை அளக்க அப்போது யாரும் இல்லை.